திங்களிதழ்களைத் தீண்டாத தமிழ் வரலாறு

தமிழ் உரைநடையின் வளர்ச்சியைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழும் வினா ஒன்றுண்டு. கிறித்தவர் ஆற்றிய தமிழ்த்தொண்டினை விளக்குக என்பதே அது. மாணவன் தயங்குவதில்லை. தத்துவ போதகர், வீரமாமுனிவர், சீகன்பால்கு, இரேனியசு, கால்டுவெல், போப் என்று அறுவரை வரிசைப்படுத்துகிறான். ஒவ்வொருவர்க்கும் ஒரு பத்தி வரைகிறான். நிறைந்த மதிப்பெண் பெறுகிறான். ஆசிரியரும் மகிழ்கிறார். விடையில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அதனை மீண்டும் ஒருமுறை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அறுவரும் மேனாட்டார். தமிழர் ஒருவர் பெயரேனும் அப்பட்டியலில் இல்லை.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? தமிழர் வாளா இருந்தனரா? இருந்திலர். அவர்கள் எழுதினர், பிறர் எழுதியதைத் திருத்தினர், அச்சுக்கோத்தனர், மறுப்பு எழுதினர், மறுப்புக்கு மறுப்பும் எழுதினர். ஆனால் அவர்கள் எழுதியவற்றுள் பெரும்பகுதி நூல் வடிவம் பெறவில்லை. திருச்சபைகளும் மிஷன்களும் நடத்திய இதழ்களில் வந்து, அவ்வத் திங்களோடு அடங்கிப்போயிற்று. நூலைப் போற்றி இதழைப் புறக்கணித்த இலக்கிய வரலாறு, இதழோடு அதனை உருவாக்கிய தமிழரையும் சேர்த்தே புறக்கணித்துவிட்டது. அதன் விளைவாக, மேனாட்டுத் துரைமார் கொடை வள்ளல்களாகவும், தமிழர் கைந்நீட்டிப் பெற்ற இரவலராகவும் இளைய தலைமுறையின் உள்ளத்தில் பதிந்துவிட்டனர். இப்பிழை திருத்தப்படல் வேண்டும். அதற்குரிய சான்றுகள் இதழ்களில்தாம் உள்ளன.

யாழ்ப்பாணத்து விடிவெள்ளி

1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' என்னும் இதழ் வெளிவந்தது. அதனை நடத்தியது அமெரிக்க மிஷன். அம்மிஷனை அனுப்பிய சங்கம் காங்கிரிகேஷனல் சபையாரும் பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் கூடி நடத்தியது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கி வந்த இவ்விதழ், சமயத்தை மட்டும் பேசவில்லை. கல்வி, அறிவியல், பொது இலக்கியம், வேளாண்மை, அரசு, நாட்டு நடப்பு ஆகிய அனைத்தையும் தன் பொருளாக அறிவித்துக்கொண்டது.

அதன் முதல் ஆசிரியர் இருவர். என்றி மாட்டின் என்றும் சேத் பேசன் என்றும் அவர்களுக்குப் பெயர். பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. இருவரும் தமிழர். மிஷன் பள்ளியில் பயின்று, ஞானஸ்நானப் பெயர் பூண்ட யாழ்ப்பாணத்தார். பின்னாளில் நெடுங்காலம் அவ்விதழின் ஆசிரியராய் விளங்கிய ஆர்னல்டு சதாசிவம்பிள்ளையும் தமிழரே. தமிழ்ப் புலவர்தம் வரலாறுகளைத் திரட்டிப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலாக 1886இல் வெளியிட்டவர் அவர். புலவர் வரலாறு என்னும் துறைக்கு அடிகோலிய நூல்களுள் ஒன்று ஓர் இதழாசிரியரின் கையிலிருந்து பிறந்தது என்பதை எத்தனை மாணவர் அறிவர்?

சி. வை. தாமோதரம்பிள்ளையை அறியாத தமிழாசிரியர் இரார். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, தொல்காப்பியச் சேனாவரையம், வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றியவர் அவர். அவர் கற்றது அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில். அவர் இளமையில் சென்னைக்குச் சென்றதோ, பெர்சிவல் பாதிரியார் தொடங்கிய 'தினவர்த்தமானி' என்னும் இதழுக்கு ஆசிரியராக. பாடம் ஒப்பிடுதல், பிழை களைதல், அச்சுப்படி நோக்குதல் ஆகிய தொழில்களை இதழ் மேசை கேட்டது. ஏட்டுச்சுவடியும் பின்னர் அவற்றையே கேட்டது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த கையை, அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பழக்கியவற்றுள் ஓர் இதழும் உண்டு. பதிப்பாசிரியரைப் போற்றும் வரலாறு, இதழாசிரியரை ஒரே வரியில் கடந்து செல்வது முறையாகாது.

தமிழகத்திலும் நிலை இதுவே. பாளையங்கோட்டையில் 1849இல் 'நற்போதகம்' தோன்றியது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1863இல் 'அருணோதயம்' தொடங்கியது. பாரதியார் பிறப்பதற்கு முன்னரே தமிழ் வாசகர்க்குத் திங்கள்தோறும் உரைநடை படிக்கும் பழக்கத்தை ஊட்டியவை இவை. உரைநடை என்பது பெரும்புலவர் ஒருவர் ஒருநாள் கண்டுபிடித்துத் தந்த பொருளன்று. படிப்பவர் பெருகப் பெருக வளர்வது அது. பாடல் பத்துப் பேர் செவியில் வாழும். உரைநடைக்கோ மாதம் தவறாமல் காசு கொடுத்து வாங்கும் வாசகர் வேண்டும். அவ்வாசகரைத் தேடிச் சென்றவை இவ்விதழ்கள்.

பேராயரை மறுத்த கட்டுரை

சமய இதழ் ஒருபக்கமே பேசும்; ஆகவே அஃது ஆராய்ச்சிக்கு உதவாது என்று கூறுவர் சிலர். அவர்கள் சிந்திக்கத்தக்க சான்று ஒன்று சென்னையில் உண்டு.

பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை என்பது, பேராயர் ஒருவரின் ஆணைக்குக் கீழ்ப்படாது, மூப்பர் அவையால் ஆளப்படுவது. ஸ்காத்துலாந்தில் வேரூன்றிய அச்சபையின் மிஷன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே, பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. வில்லியம் மில்லர் அதன் முதல்வராய் இருந்த காலத்தில், 1883இல், அக்கல்லூரி ஆங்கிலத் திங்களிதழ் ஒன்றை வெளியிடத் தொடங்கியது. அதற்குப் போர்க்குணம் உண்டு. பிரும்மஞான சங்கத்தை நிறுவியோருள் ஒருவராகிய பிளாவட்ஸ்கி அம்மையாரின் அற்புதங்கள் அனைத்தும் சூழ்ச்சி என்று காட்டும் மடல்களை 1884இல் அச்சிட்டு, உலகெங்கும் பேசப்பட்ட வழக்கு ஒன்றைக் கிளப்பியது அவ்விதழே.

அத்தகைய இதழில்தான் 1891இல், திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் ஒருவர் திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து எழுதினார். அவர் சைவர். 'மனோன்மணீயம்' நாடகத்தை அதே ஆண்டில் தந்த பெ. சுந்தரம்பிள்ளையே அவர். கால்டுவெல் முதலியோர் சம்பந்தர் காலத்துப் பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வைத்திருந்தனர். அக்கணக்கு நின்றிருந்தால் தேவாரம் மிகப் பிற்பட்ட இலக்கியமாக முடிந்திருக்கும். தமிழ் இலக்கிய வரலாறு முழுவதும் அறுநூறு ஆண்டுகள் கீழே இறங்கியிருக்கும். கல்வெட்டும் இலக்கியமும் கொண்டு சுந்தரம்பிள்ளை அதனைத் தகர்த்தார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவினார்.

இந்நிகழ்ச்சியின் பொருள் யாது? கிறித்தவப் பேராயர் ஒருவரின் கருத்தைச் சைவப் பேராசிரியர் ஒருவர் மறுக்கிறார். சைவ சமய குரவரின் காலத்தை நிலைநாட்டுவதற்காக மறுக்கிறார். அம்மறுப்பை வெளியிடுவது கிறித்தவ மிஷன் கல்லூரியின் திங்களிதழ். சமய இதழ் ஒருபக்கமே பேசும் என்று கூறுவோர் இதற்கு என்ன விடை சொல்வர்? அதே கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் எனும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார், 1897இல் தோன்றிய 'ஞானபோதினி' இதழுக்குத் துணைநின்றார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழை அகற்ற முற்பட்டபோது 1902இல் எதிர்த்து நின்றார். இதழும் வகுப்பறையும் ஒன்றையொன்று ஊட்டிய காலம் அது.

மறுப்பாரும் மறுமொழியும்

எதிர்ப்போரின் கூற்றில் உண்மையே இல்லை என்று சாதிப்பது நேர்மையாகாது. இவ்விதழ்கள் மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டவை. ஐயமில்லை. சைவத்தையும் கோயில் வழிபாட்டையும் கடுமொழியால் தாக்கியவை. அதுவும் மெய்யே. அத்தாக்குதலால் நொந்த உள்ளங்கள் பல. ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுத நேர்ந்தது அதனாலேயே.

ஆனால் அந்நாவலரைத்தான் சற்று உற்று நோக்கல் வேண்டும். பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தை மொழிபெயர்த்துப் பழகியவர் அவர். பின்னர்த் தாமே சைவப் பள்ளி கண்டார், அச்சுக்கூடம் நிறுவினார், வசனநடை கைவந்த வல்லாளர் எனப் புகழ்பெற்றார். எதிரியின் படைக்கலத்தை எதிரியின் பாசறையிலேயே பயின்று, அதனை அவன்மீதே திருப்பினார். உதயதாரகையும் தன் தொடக்க ஆண்டுகளிலேயே சைவர் விடுத்த மறுப்பு மடல்களுக்கு இடமளித்தது. தாக்குதலும் மறுப்பும் மாறி மாறி நிகழ்ந்த அக்களத்தில்தான் ஏதுவும் எடுத்துக்காட்டும் கொண்டு வாதிடும் தமிழ் உரைநடை உரம்பெற்றது. ஒருவன் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவன் எழுதியதை எரித்துவிட்டால் வாதம் விளங்குமா? நாவலரைப் படிப்பவன் உதயதாரகையையும் படித்தாக வேண்டும். சைவப் பற்றுடையார்க்கே அவ்விதழ் மிகுதியும் தேவை.

இன்னொரு சாரார், அந்நடை பாதிரித் தமிழ், வடசொல் மலிந்தது, மாணவர்க்குக் காட்டத் தகாதது என்பர். தனித்தமிழ் இயக்கம் 1916இல் தோன்றியது. அதற்கு முற்பட்ட நடைகளுள் வடசொல் விரவாதது எத்துணை? நாவலர் நடையிலும் வடசொல் உண்டு. வேதநாயகம்பிள்ளை நடையிலும் உண்டு. ஒரு நூற்றாண்டின் பொதுவழக்கை ஒரு சமயத்தார் தலையில் மட்டும் குற்றமாகச் சுமத்துவது நடுநிலையன்று. மேலும், நல்ல நடையை மட்டும் சேர்த்துவைப்பது பாடநூலின் வேலை. உள்ள நடையனைத்தையும் சேர்த்துவைப்பதே வரலாற்றின் வேலை.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் உரிய இச்செய்தி மலேசிய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எதற்கு என்று வினவலாம். காரணம் உண்டு.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கி இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. அப்பாதையோடு வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ். இரயில்வே அலுவலகங்களுக்கும் நிலையங்களுக்கும் ஆங்கிலம் கற்ற கிராணிமார் தேவைப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் மிகப் பலர். அமெரிக்க மிஷன் பள்ளிகளும், அவற்றுக்குப் போட்டியாக எழுந்த சைவப் பள்ளிகளும் உருவாக்கிய தலைமுறை அது. உதயதாரகை தோன்றிய மண்ணிலிருந்தே இங்குள்ள பல குடும்பங்களின் கல்வி தொடங்குகிறது. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் தமிழரும் பிரிக்பீல்ட்ஸில் 1924இல் தங்கள் சீயோன் ஆலயத்தை எழுப்பினர். அருணோதயம் கண்ட சபையின் கிளை இங்கேயும் தழைத்தது.

பிரெஸ்பிட்டேரியன் சபையின் போக்கு இங்கே வேறு. 1918இல் கோலாலம்பூரில் எழுந்த அதன் புனித அந்திரேயா ஆலயம், ஸ்காத்துலாந்துத் துரைமாரை நோக்கியது. அதன் மொழி ஆங்கிலம். சென்னையில் சுந்தரம்பிள்ளைக்கு ஏடு விரித்த அதே சபை, இந்நாட்டுத் தோட்டத் தமிழனுக்கு ஏடு தரவில்லை. அப்பணியை மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகள் மேற்கொண்டன. காப்பாரில் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் மெதடிஸ்ட் என்னும் பெயரைத் தாங்கி நிற்பது அவ்வரலாற்றின் சுவடு.

சபையின் திங்களிதழ் என்பது என்ன? நான்கு பக்கமோ எட்டுப் பக்கமோ கொண்டது. ஆயரின் மடல், ஒரு தியானம், ஒரு பாடல், கிறித்துமசு நாடகம் பற்றிய செய்தி, திருமணமும் ஞானஸ்நானமும் அடக்கமும் பற்றிய குறிப்பு, காணிக்கைப் பட்டியல். இலக்கியம் தேடுவோன் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பான். வரலாறு தேடுவோனுக்கோ காணிக்கைப் பட்டியலே கருவூலம். எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம், எந்தப் பள்ளிக்கு எந்த ஆசிரியர் மாற்றலாகி வந்தார், ஒரு வெள்ளி கொடுத்தவன் யார், ஐம்பது காசு கொடுத்தவன் யார் என்பதையெல்லாம் வேறு எந்த நூல் கூறும்?

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் இன்று எங்கே? சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகராயிற்று. பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. லயன்கள் இல்லை, பால்மரங்கள் இல்லை. அங்கு வாழ்ந்தோரின் பெயர்களைத் தாங்கிய தாள்களும் அழிந்துவிட்டால், அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்றே இராது. நகரத்துத் தமிழனின் வரலாற்றைச் செய்தித்தாள் எழுதியது. தோட்டத்துத் தமிழனின் வரலாற்றைக் கோயில் கணக்கும் சபை இதழும் பள்ளிப் பதிவேடும்தான் எழுதின.

இழந்தபின் அழுவது தமிழர்க்குப் புதிதன்று. இப்பகுதியின் முதல் தமிழ் இதழ்களுள் ஒன்றாகிய 'சிங்கை வர்த்தமானி' 1875இல் வெளிவந்தது என்பர். இன்று அதன் பெயர் மட்டுமே எஞ்சியது. 1887 முதல் 1890 வரை வந்த 'சிங்கை நேசன்' பாதுகாக்கப்பட்டதால், அக்காலத் தமிழரின் பேச்சும் பூசலும் விழாவும் விலைவாசியும் இன்று தெரிகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எழுத்தின் தரத்தால் வந்ததன்று. யாரோ ஒருவர் எடுத்துவைத்ததால் வந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதனைப் பகைவர் எரித்தனர் என்று உலகத் தமிழர் கண்ணீர் வடித்தனர், அக்கண்ணீர் நியாயமே. ஆனால் வீடு மாறும்போதும் ஆலயம் வெள்ளையடிக்கும்போதும் பழைய தாள் வண்டிக்கு எடைக்குப் போடப்படும் இதழ்களுக்காக அழுவோர் யார்? அங்கே தீ வைத்தவன் பகைவன். இங்கே கட்டி அனுப்புபவன் உரியவனே.

செய்யத்தக்கன

திருச்சபையார்க்கு உரைக்க வேண்டுவது ஒன்றுண்டு. சபைகள் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. அது காலத்தின் போக்கு என்று கூறலாம். ஆயினும் பாட்டன் தமிழில் எழுதிய இதழைப் பேரன் படிக்க இயலாமையால், அதனைக் குப்பையெனக் கருதும் உரிமை அவனுக்கு இல்லை. அச்சிடப்பட்ட வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்னும் சட்டம் இந்நாட்டில் 1986இல் இயற்றப்பட்டது. நாளேட்டுக்கும் நாவலுக்கும் உள்ள அக்கடமை சபை இதழுக்கு மட்டும் இல்லை என்று எவரேனும் சொல்வரோ?

பிற சமயத்தார்க்கும் உரைக்க வேண்டுவது உண்டு. இது கிறித்தவரின் வழக்கு மட்டும் அன்று. கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டுமலர், மன்றத்து வெள்ளிவிழா மலர், தொழிற்சங்கச் சுற்றறிக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் கதி ஒன்றே. சபை இதழைத் தள்ளும் கை நாளைக் கோயில் மலரையும் தள்ளும்.

ஆசிரியர்க்கே பெரும்பொறுப்பு உளது. இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வழி வெளியிட்டார். ஒருவர் தொடங்கிய அப்பணியைத் தொடர நூற்றுக்கணக்கான தமிழ்ப்பள்ளி ஆசிரியர் உளர். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு பழைய இதழைத் தேடிக் கண்டு, அதன் பெயர், ஆண்டு, அச்சகம், ஆசிரியர், பொருளடக்கம் ஆகியவற்றைக் குறித்து வரட்டும். அதனினும் சிறந்த வரலாற்றுப் பாடம் இல்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். அவர் திரட்டிய நூல்களும் இதழ்களுமே, அவர் மறைவுக்குப்பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. ஆர்வமே அவருக்குத் தகுதியாயிற்று.

தேர்வு வினாவும் மாறவேண்டும். கிறித்தவர் ஆற்றிய தமிழ்த்தொண்டு யாது என்று கேட்பதோடு நில்லாமல், அவர்தம் இதழ்களில் தமிழர் ஆற்றிய தொண்டு யாது என்றும் கேட்கப்பட வேண்டும். அப்போது அறுவர் பட்டியலில் சதாசிவம்பிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் இடம்பெறுவர். மறுத்து எழுதிய நாவலரும் சுந்தரம்பிள்ளையும் இடம்பெறுவர். வள்ளல், இரவலர் என்னும் பொய்க்கதை அன்றே ஒழியும்.

கோலாலம்பூருக்கு இவ்வகையில் ஒரு பெருமையும் உண்டு; அப்பெருமையே ஒரு கடனுமாகும். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் இந்நகரில் கூடியது. அதனைக் கூட்டிய தனிநாயக அடிகளார், அதே ஆண்டில், புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மீண்டும் வெளிப்படுத்தினார். 1679இல் அச்சாகி, உரோமையின் நூலகத்தில் உறங்கிக் கிடந்த ஏடு அது. கடல் கடந்து சென்று பாதிரியார் ஒருவரின் ஏட்டை மீட்டுத் தமிழுலகுக்கு அளித்த நகரம் இது. அந்நகரத்தார்க்குப் பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்து அலமாரியும் கிள்ளான் பள்ளிக்கூடத்துப் பழம்பெட்டியும் எட்டாத தொலைவில் இல்லை. கரையான் அங்கே முந்திச் செல்லுமுன் தமிழாசிரியர் செல்லவேண்டும்.